சலவைத் தொட்டியும் கணக்குப் புத்தகமும்

கல்விக் கழகம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் வணிகத்தைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது முறையே. ஏட்டையும் எழுதுகோலையும் நம் பிள்ளைகளின் கையில் சேர்ப்பதற்கென்றே தோன்றியது இக்கழகம். படித்தவர் அரசுப் பணியில் அமர வேண்டும் என்பதே நம் பெற்றோரின் நெடுநாளைய கனவு. அக்கனவில் குற்றமேதும் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் தேர்வுகளில் வெற்றிபெற்று வெளிவரும் நம் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்காகக் காத்திருக்கும் அரசு நாற்காலிகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போர்க்கு, பிற வழிகளையும் அறிந்து வைத்தல் நம் கடமை என்பது விளங்கும். அவ்வழிகளுள் ஒன்று சொந்தத் தொழில்.

தொழில் என்றவுடன், "முதலுக்கு எங்கே போவது? நம்மிடம் எவர் வாங்குவார்?" என்னும் இரு கேள்விகள் எழுகின்றன. இவை பொய்யான கேள்விகள் அல்ல, பட்டறிவிலிருந்து பிறந்தவை. இவ்விரு கேள்விகளையும் நமக்கு முன்னரே சந்தித்த மக்கள் கடலுக்கு அப்பால் இருந்தனர். அவர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பின மக்கள். அவர்களுள் மூன்று பெண்மணிகளின் தொழில் வரலாற்றை இங்கே ஆராய முற்படுகின்றோம். வாழ்த்துப் பாடுவது நம் நோக்கமன்று. எங்கே வென்றனர், எங்கே இடறினர், ஏன் என்று கண்டு தெளிவதே நோக்கம்.

பிறர் எழுதிய கணக்கு

அமெரிக்காவில் அடிமை முறை 1865-இல் அரசியலமைப்பின் 13-ஆம் திருத்தத்தால் ஒழிந்தது. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் தென்கடற்கரைப் பகுதியில் குடும்பத்திற்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் வழங்கப் படைத்தலைவர் ஷெர்மன் ஆணையிட்டார். அவ்வாண்டு முடிவதற்குள்ளாகவே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்நிலங்களைப் பழைய உடைமையாளர்க்கே திருப்பியளிக்கச் செய்தார். எனவே, நேற்றுவரை அடிமையாக இருந்தவர் இன்று அதே பருத்தி நிலத்தில் வாரச் சாகுபடி செய்பவரானார். விதையும் கலப்பையும் உணவுப் பொருளும் நிலவுடைமையாளரிடமே கடன். விளைச்சலை நிறுப்பவரும் அவரே. கணக்கை எழுதுபவரும் அவரே. ஆண்டு முடிவில் உழைத்தவர் பெயரில் மிஞ்சியது பெரும்பாலும் கடனே. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்பது நம் நாட்டுப் பழமொழி. பிறர் எழுதிய கணக்கோ உழுதாலும் தீராது என்பதை அம்மக்கள் கண்டனர்.

வங்கியிலும் அதே கதை நேர்ந்தது. விடுதலை பெற்றோரின் சேமிப்புக்காக 1865-இல் ஒரு வங்கி நிறுவப்பட்டது. அரசே அதன் பின்னால் நிற்கின்றது என்று நம்பி, ஏழை மக்கள் காசு காசாகச் சேர்த்ததை அங்கே இட்டனர். ஆனால் அதன் நிருவாகம் பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருந்தது. பணம் தகாத கடன்களிலும் ஊக வாணிகத்திலும் முடங்கியது. 1873-இல் நாடெங்கும் பொருளாதார நெருக்கடி வந்தது. 1874-இல் பிரெடரிக் டக்ளஸ் என்னும் கறுப்பினத் தலைவரைத் தலைமைப் பதவியில் அமர்த்தினர். அவர் தம் சொந்தப் பணம் 10,000 டாலரை இட்டும் வங்கி பிழைக்கவில்லை, அவ்வாண்டே மூடப்பட்டது. சுமார் 61,000 பேரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. மூழ்கும் கப்பலுக்கு நம்மவரைத் தலைவராக்குவது பதவி அளிப்பதாகாது என்பதை இந்நிகழ்ச்சி கற்பிக்கின்றது.

சலவைத் தொட்டியிலிருந்து

இத்தகைய காலத்தில், 1867 டிசம்பர் 23-ஆம் நாள், லூயிசியானா மாநிலத்தின் டெல்டா என்னும் சிற்றூரில் சாரா பிரீட்லவ் பிறந்தார். பெற்றோரும் மூத்த உடன்பிறப்புகளும் அடிமைகளாக இருந்தவர்கள். அக்குடும்பத்தில் விடுதலையில் பிறந்த முதற்குழந்தை இவரே. ஏழு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். தமக்கையின் வீட்டில் வளர்ந்து, பிறர் வீட்டில் வேலை செய்து, பதினான்கு வயதில் மணம்புரிந்து, இருபது வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். பின்னர்த் தமையன்மார் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று சலவைத் தொழிலில் ஈடுபட்டார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்குச் சற்று மேற்பட்ட கூலிக்காக, கொதிநீரிலும் காரச் சவர்க்காரத்திலும் கைகள் தேய அவர் துவைத்தார். அந்தக் கூலியிலிருந்து மிச்சம் பிடித்தே தம் மகளைக் கல்லூரிக்கு அனுப்பினார். பள்ளி வாசலை முறையாக மிதித்தறியாத தாய் செய்த முதல் முதலீடு அதுவே என்று நாம் கூறுவோம்.

அக்காலத்தில் நீர் வசதியும் குளியலறையும் இல்லாத வீடுகளில் வாழ்ந்த பெண்களுக்குத் தலைத்தோல் நோயும் முடி உதிர்தலும் மிகுதி. சாராவுக்கும் அத்துன்பம் நேர்ந்தது. அதே தொழிலில் முன்னரே இறங்கியிருந்த ஆனி டர்ன்போ என்னும் கறுப்பினப் பெண்மணியின் தலைமருந்தை விற்கும் முகவராக அவர் முதலில் சேர்ந்தார். 1905-இல் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்தார். கைமுதல் ஓரிரு டாலர் அளவே. சமையற்பணி செய்துகொண்டே மருந்தைத் தாமே கலந்து பார்த்தார். 1906-இல் செய்தித்தாள் விளம்பரத் தொழிலில் இருந்த சார்லஸ் வாக்கரை மணந்து, "மேடம் சி. ஜே. வாக்கர்" என்னும் பெயரில் சொந்தப் பண்டத்தை வெளியிட்டார்.

அப்பண்டத்தில் மந்திரம் ஏதும் இல்லை. கந்தகம் தலைத்தோல் நோய்க்கு மருந்தென்பது மருத்துவ நூலோர் முன்பே அறிந்தது. அவர் செய்த புதுமை வேறு. வீடு வீடாகச் சென்றும், திருச்சபைக் கூடங்களில் பெண்களைக் கூட்டியும், தலையைக் கழுவித் துப்புரவாக வைக்கும் முறையைச் செய்து காட்டினார். பிறர் எவரும் பொருட்படுத்தாத வாடிக்கையாளரை அவர் பொருட்படுத்தினார். "நம்மிடம் எவர் வாங்குவார்?" என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை இதுவே. எவருடைய தேவையைப் பெருங்கடைக்காரர் மதிக்கவில்லையோ, அவரே நம் முதல் வாடிக்கையாளர்.

நிறுவனமும் தலைமையும்

நாளொன்றுக்குப் பத்து டாலர் வரும் நிலை ஏற்பட்டபோது, அதுவே போதும் என்று கணவர் கருதினார். மனைவி கருதவில்லை. இரண்டு ஆண்டுகள் தென்மாநிலங்களில் ஊர் ஊராகச் சுற்றினார். 1908-இல் பிட்ஸ்பர்க் நகரில் மகள் பெயரால் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1910-இல் இருப்புப்பாதைகள் பல கூடும் இண்டியானாபொலிஸ் நகரைத் தலைமையிடமாகத் தேர்ந்தார். அஞ்சல்வழி விற்பனைக்கு அந்நகரம் வாய்ப்பானது. 1911-இல் 10,000 டாலர் முதலில் நிறுவனத்தைச் சட்டப்படி பதிவு செய்தார். பங்குகள் முழுவதும் அவர் பெயரிலேயே இருந்தன. அடுத்த ஆண்டளவில் மணவாழ்வு முறிந்தபோதும் தொழில் முறியவில்லை; அதற்குக் காரணம் இப்பதிவே.

தமக்குத் தெரியாதவற்றை மறைக்காமல், அவற்றைத் தெரிந்தவரைத் தேடிச் சேர்த்தார் என்பது அவர் தலைமையின் முதற்சிறப்பு. பிரீமன் ரான்சம் என்னும் வழக்கறிஞரைப் பொது மேலாளராக்கினார். ஆலிஸ் கெல்லி என்னும் முன்னாள் ஆசிரியையைத் தொழிற்சாலைக் கண்காணிப்பாளராக அமர்த்தி, அவரிடமே தாமும் எழுத்தும் பேச்சும் பயின்றார். முதலாளி தம் ஊழியரிடம் மாணவியாக அமர்வதை இழிவென்று அவர் எண்ணவில்லை. தம்மைவிடக் கற்றவரைக் கண்டு அஞ்சும் தலைவர் எவரும் பெருந்தொழில் நடத்தியதில்லை.

முகவர்களை அவர் கூலியாட்களாக நடத்தவில்லை. கையில் தொழிலைக் கற்பித்து, பண்டத்தைக் கொடுத்து, ஊதியம் அவரவர் உழைப்பிற்கேற்ப அமையுமாறு செய்தார். வீட்டு வேலையையும் சலவையையும் வயல் வேலையையும் தவிர வேறறியாத பெண்கள் சொந்த வருவாய் உடையோராயினர். 1919 அளவில் தம் முகவர் தொகை 20,000 என்று அந்நிறுவனம் கூறிற்று. 1917-இல் பிலடெல்பியா நகரில் அம்முகவர்களின் மாநாடு கூடியது. 200-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர். மிகுதியாக விற்றவர்க்கு மட்டுமன்றி, தம் ஊரில் மிகுதியாக அறச்செயல் புரிந்தவர்க்கும் அம்மாநாட்டில் பரிசு வழங்கப்பட்டது. வணிகம் எதற்காக என்பதை ஊழியர்க்குச் சொற்பொழிவால் உணர்த்துவதைவிடப் பரிசளிக்கும் முறையால் உணர்த்துதல் எளிது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தம்மவரிடமும் அவர் போராட நேர்ந்தது. கறுப்பின வணிகர் கழகத்தின் 1912-ஆம் ஆண்டு மாநாடு சிகாகோ நகரில் நடைபெற்றது. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன், பெண்ணொருத்திக்கு, அதிலும் தலைமருந்து விற்பவருக்கு, மேடை தர முன்வரவில்லை. இறுதிநாளில் அம்மையார் அழைப்பின்றியே எழுந்து நின்றார். தாம் தெற்கின் பருத்தி வயலிலிருந்து வந்தவர் என்றும், அங்கிருந்து சலவைத் தொட்டிக்கும், பின்னர்ச் சமையற்கட்டுக்கும் சென்றவர் என்றும், அதன்பின் தம்மைத் தாமே தொழிலதிபராக உயர்த்திக்கொண்டவர் என்றும், சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியிருப்பதாகவும் அவையறியக் கூறினார். அடுத்த ஆண்டு மாநாட்டில் அவர் அழைப்புப் பெற்ற பேச்சாளர். சாதித்த சமுதாயமும் தன்னுள் சிலரைக் கீழே வைக்கக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது. நம் கழகத்து மேடைகளில் பெண்களுக்கு எத்தனை நாற்காலிகள் இட்டுள்ளோம் என்பதை இந்த வெள்ளிவிழாவில் எண்ணிப் பார்ப்பது நலம்.

குறைகளையும் கூறுதல் வேண்டும். முடியை நேராக்குவது வெள்ளையரைப் போலத் தோன்றும் ஆசைக்குத் தீனி போடுவதாகும் என்று அவர் காலத்திலேயே கண்டனம் எழுந்தது. தாம் விற்பது முடியின் நலமே என்று அவர் மறுமொழி கூறினார். அவ்வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. ஹட்சன் ஆற்றங்கரையில் அவர் கட்டிய மாளிகை, இவரைப் போன்றோரும் இவ்வாறு வாழலாம் என்று இளையோர்க்குக் காட்டியது உண்மை. ஆயினும் மகளின் மறைவுக்குப்பின் அதைப் பெற்ற சமுதாய அமைப்பு அதைத் தாங்க இயலாமல் விற்றுவிட்டது. மருத்துவர்கள் ஓய்வு கொள்ளச் சொல்லியும் ஓயாது பயணம் செய்த அம்மையார், 1919 மே 25-ஆம் நாள் 51 வயதிலேயே மறைந்தார். மறைவதற்குச் சில நாட்கள் முன்னர், கும்பல் கொலைகளை எதிர்க்கும் நிதிக்கு 5,000 டாலர் உறுதியளித்திருந்தார். அவர் இல்லாமலும் நிறுவனம் 1980-களின் முற்பகுதி வரை நடந்தது. ரான்சம் போன்ற மேலாளரை முன்கூட்டியே உருவாக்கியதன் பயன் இது.

கைவிட்டுப்போன கணக்கு

அம்மையார் முதலில் எவரிடம் முகவராக இருந்தாரோ, அந்த ஆனி டர்ன்போ மலோன் அம்மையாரின் வரலாறு வேறு வகையானது. திறமையில் அவர் குறைந்தவரல்லர். தொழிலில் முன்னோடியும் அவரே. செயின்ட் லூயிஸ் நகரில் 1918-இல் அவர் எழுப்பிய போரோ கல்லூரி, தொழிற்சாலையும் பயிற்சிக்கூடமும் மண்டபமும் ஒருங்கே அமைந்த மாபெருங் கட்டடம். கல்வி நிலையங்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்திற்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தவர். ஆயினும் நிருவாகப் பொறுப்பைக் கணவர் கையில் விட்டிருந்தார். 1927-இல் மணமுறிவு வழக்கு வந்தபோது, தொழிலில் பாதி தமக்குரியது என்று கணவர் கோரினார். 200,000 டாலர் கொடுத்தே வழக்கு தீர்ந்தது. பின்னர் வரிப் பாக்கிகளும் வழக்குகளும் தொடர்ந்தன. கொடையுள்ளம் பெரிது, ஆனால் கணக்குப் புத்தகத்தைத் தாமே திறந்து பார்க்காத கொடையாளியின் கை நெடுநாள் உயர்ந்திருக்க இயலாது.

காசுகள் கூடிய வங்கி

மூன்றாமவர் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்து மேகி லீனா வாக்கர். முன்னவரின் உறவினர் அல்லர். ஆயினும் இவரும் சலவைத் தொட்டியின் அருகில் வளர்ந்தவரே. தாய் துவைத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவாறே கல்வி பயின்றார். 1883-இல் ஆசிரியப் பயிற்சி முடித்து மூன்றாண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றினார். மணமான பெண் ஆசிரியப் பணியில் தொடர அக்கால விதி இடந்தராமையால் அப்பணி நின்றது. சிறு வயது முதல் அவர் உறுப்பினராயிருந்த செயின்ட் லூக் சங்கம், நோய்க்கும் ஈமச்சடங்கிற்கும் உதவும் பரஸ்பர உதவிச் சங்கமாகும். நம் ஊர்களில் நாம் நடத்தும் மரண உதவிச் சங்கங்களைப் போன்றதே அது. 1899-இல் அவர் அதன் செயலாளர் பொறுப்பை ஏற்றபோது கருவூலத்தில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். பாக்கியோ அதனினும் பன்மடங்கு.

வங்கி தொடங்க வேண்டும் என்று உறுதிகொண்ட அவர், உடனே பெயர்ப்பலகை மாட்டவில்லை. நகரின் வங்கி ஒன்றில் நாள்தோறும் சில மணி நேரம் அமர்ந்து, அத்தொழிலின் நடைமுறைகளை முதலில் கற்றார். 1903 நவம்பரில் செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. முதல்நாள் 31 சென்ட் மட்டும் கொண்டுவந்தவரும் வரவேற்கப்பட்டார். அன்று மாலைக்குள் 9,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. குழந்தைகளுக்கு அட்டையாலான சிறு உண்டியல்கள் வழங்கிச் சேமிப்பைப் பழக்கினர். 1920-களில் சுமார் 600 வீடுகளை மக்கள் சொந்தமாக்கிக்கொள்ள அவ்வங்கியின் கடன் உதவியிருந்தது.

அவரும் தோல்வி கண்டதுண்டு. 1905-இல் சங்கத்தின் சார்பில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றைத் திறந்தார். வெள்ளை வணிகர்கள் ஒன்றுகூடி, மொத்த வியாபாரிகள் அதற்குச் சரக்குக் கொடாதபடி நெருக்கினர். நம்மவரிலும் பலர் பழைய கடைகளுக்கே செல்வதைப் போல, அம்மக்களிலும் பலர் பழைய கடைகளையே நாடினர். சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டது. ஆனால் வங்கி அதனுடன் சேர்ந்து மூழ்கவில்லை. ஒரு முயற்சியின் நட்டம் மற்றொன்றைத் தின்னாதவாறு காத்தமை கவனிக்கத்தக்கது. 1929-இல் பெருமந்தம் தொடங்கி வங்கிகள் பல சரிந்தபோது, பதவிப் பற்றின்றி மற்றொரு கறுப்பின வங்கியுடன் தம் வங்கியை 1930-இல் இணைத்தார். அவ்வங்கி 2005-இல் வேறொரு குழுமம் வாங்கும் வரை தனித்து இயங்கியது. 1874-இல் பிறர் நடத்தி மூழ்கடித்த வங்கிக்கு வரலாறு அளித்த மறுமொழி இது.

நாம் கொள்ள வேண்டியவை

இம்மக்களின் வரலாறு நமக்கு அயலானதன்று. மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கத் தன்னலமற்றுப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற கொலம்பியா பல்கலைக்கழகம், கறுப்பின மக்கள் குடியேறி வந்த ஹார்லெம் பகுதியை அடுத்தது. வாக்கர் அம்மையாரின் மகள் அங்கே தொழிற்கூடம் திறந்ததும் அதே 1913-இல்தான். பின்னர் 1946-இல் அண்ணல், கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்கு மடல் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டினார்.

எனவே தொழில் தொடங்க விழையும் நம் இளைஞர்க்கு, இவ்வரலாற்றினின்றும் சிலவற்றைக் கூற விரும்புகின்றோம். முதலாவது, பிறரிடம் பணிபுரிந்தேனும் தொழிலைக் கற்றபின் தொடங்குக. கடன் விண்ணப்பம் எழுதும் நாளுக்கு முன்னரே கற்கத் தொடங்கும் நாள் வர வேண்டும். இரண்டாவது, வரவும் செலவும் அன்றன்றே உங்கள் கையால் எழுதப்படுக. கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே பையில் இருத்தலாகாது. மூன்றாவது, உரிமையும் பங்கும் உறவை நம்பி வாய்ச்சொல்லில் விடப்படாமல் பத்திரத்தில் ஏறட்டும். உறவைக் காப்பதும் அப்பத்திரமே. நான்காவது, உங்களினும் வல்லவரைத் துணைசேர்த்து, நீங்கள் இல்லாத நாளிலும் நடக்குமாறு தொழிலை அமையுங்கள். ஐந்தாவது, உங்களிடம் பணிபுரிவோர் நாளை தம் காலில் நிற்குமாறு அவர்களை வளர்த்திடுங்கள். நேற்று நம்மைக் குனியவைத்தவர் நடந்துகொண்டது போல நாம் இன்று நம் ஊழியரிடம் நடந்துகொள்வோமாயின், முதலாளியின் பெயர் மாறியதேயன்றி வேறொன்றும் மாறவில்லை என்பதே பொருள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் மகனோ மகளோ சிறுதொழில் தொடங்க முன்வந்தால், படித்த படிப்பு வீணாயிற்று என்று வருந்தாதீர்கள். படிப்பு அங்கேதான் முழுமையாகப் பயன்படுகின்றது. பிறர் எழுதிய கணக்கில் கைநாட்டு இட்ட தலைமுறை நம் முன்னோருடையது. அக்கைநாட்டைக் கையெழுத்தாக மாற்றியது இக்கழகத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணி. அந்தக் கையெழுத்துச் சம்பளப் பட்டியலில் வாங்குவோர் பக்கத்தில் மட்டுமன்றி, வழங்குவோர் பக்கத்திலும் இடம்பெற வேண்டும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அதுவே நம் பணியாகுக.